புகையிரதமும் புனைநிலமும்: கித்துல்கலப் பாலம் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படமும் நீராவிப் புகையிரதமும் முன்னதன் குழந்தைப் பருவத்திலேயே உறவு பூண்டுவிட்டன. பிரான்சின் லா சியோத்தா நிலையத்துக்கு வண்டியொன்று வந்து நிற்பதை லூமியர் சகோதரர் படம்பிடித்து 1896இற் காட்டினர். 1903இல் அமெரிக்கரான எட்வின் போட்டர், புகையிரதக் கொள்ளையொன்றைப் பொருளாகக் கொண்டு சிறு படமொன்றை ஆக்கினார். நம்மவர் கௌபோய்ப் படம் என வழங்கும் வகையின் மூதாதையருள் அதற்கே முதலிடம் தருவர். ஆயின் அப்படத்திற் காணப்படும் அமெரிக்க மேற்கு உண்மையில் மேற்கன்று. நியூயோர்க் நகருக்கு அயலே, நாட்டின் கிழக்கோரத்திலுள்ள நியூ ஜேர்சியில் அது எடுக்கப்பட்டது. அதில் ஓடிய புகையிரதம் மட்டுமே மெய்யானது. இவ்வகைப் படங்களின் இயல்பை அந்த முதற்படமே காட்டிவிட்டது எனலாம். நிலம் இரவலாயிருக்கும், இயந்திரம் மெய்யாயிருக்கும். இயந்திரத்தின் மெய்ம்மை நிலத்தின் பொய்ம்மைக்குப் பிணை நிற்கும்.

இப்பிணை எத்துணைப் பெறுமதி வாய்ந்தது என்பதைப் படத் தயாரிப்பாளர்கள் விரைவிலேயே உணர்ந்துகொண்டனர். ஜோன் போர்ட் 1924இல் 'த அயன் ஹோர்ஸ்' என்னும் படத்தை ஆக்கினார். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கறுத்துச் செல்லும் இருப்புப்பாதை அமைக்கப்பட்ட வரலாறே அதன் பொருள். 1869 மே 10ஆம் திகதி யூற்றா நிலப்பரப்பில் இரு திசைப் பாதைகளும் சந்தித்தபோது எதிரெதிர் நின்ற அதே இயந்திரங்களே படத்தில் நடிக்கின்றன என்று பார்வையாளருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்விரு இயந்திரங்களும் 1910ஆம் ஆண்டுக்கு முன்னரே உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிட்டன என்பதே உண்மை. பார்வையாளர் கேட்காத சான்றிதழொன்றைப் படம் தானே வலிந்து நீட்டியமை கவனிக்கத்தக்கது. அதே வரலாற்றில், கலிபோர்னியாப் பக்கத்திலிருந்து வந்த பாதையை அமைத்தவருட் பெரும்பாலார் சீனத் தொழிலாளர். பாதைகள் சந்தித்த அன்று பிடிக்கப்பட்ட புகழ்பெற்ற ஒளிப்படத்தில் அவர்களைத் தேடிக் காண்பது அரிது. இயந்திரங்களின் பெயரும் இலக்கமும் எஞ்சின. 1979 முதல் அவற்றின் முழு அளவுப் படிகள் அதே இடத்தில் ஓடிக்கொண்டுமிருக்கின்றன.

கௌபோய்ப் படங்களில் நீராவி இயந்திரத்தின் பொருளை மிக ஆழமாக உணர்ந்து கையாண்டவர் இத்தாலியரான சேர்ஜியோ லியோனி என்றே கூறல் வேண்டும். 1968இல் வெளிவந்த 'வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் த வெஸ்ற்' என்னும் படத்தில் அமெரிக்கப் பாலைநிலமாகத் தோன்றுவதன் பெரும்பகுதி தென் ஸ்பெயின். கிரனாடா மாகாணத்து லா கலஹோறா என்னும் ஊரருகே, ஏற்கெனவே இருந்த இருப்புப்பாதையின் ஓரமாக, படத்துக்கென நிலையமும் நகரமும் எழுப்பப்பட்டன. சில காட்சிகளுக்கு மட்டுமே படக்குழு அமெரிக்கா சென்றது. இங்கும் நிலம் இரவலே. ஆனால் லியோனி இயந்திரத்தை வெறும் அணியாக வைக்கவில்லை. நீராவி இயந்திரம் தான் குடித்த நீரை ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே வெளியே விட்டுவிடும். எரிபொருளைச் சுமந்து வெகுதூரம் செல்லலாம். நீரையோ வழி நெடுக நிரப்பிக்கொண்டே செல்லல் வேண்டும். ஆகவே வரண்ட நிலத்தில் நீரூற்றுள்ள ஒரு துண்டுக் காணி, பாதை வந்து சேரும் நாளில் பொன்னாகிவிடும். இதை முன்னுணர்ந்து காணி வாங்கிய குடியானவன் குடும்பத்தோடு கொல்லப்படுகிறான். கதை முழுவதும் இந்தத் தாகத்திலிருந்தே பிறக்கிறது. இறுதிக் காட்சியில் அவன் மனைவி பாதை போடும் தொழிலாளருக்கு நீர் கொண்டு செல்கிறாள். இயந்திரத்துக்கென வைத்த நீர் மனிதரின் வாய்க்குச் செல்லும் அக்கணம், அப்படத்தின் துப்பாக்கிச் சண்டைகள் எல்லாவற்றையும் விடப் பெரியது.

இந்திய நாட்டிலே ரமேஷ் சிப்பியின் 'ஷோலே' (1975) இம்மரபை எடுத்தாண்டது. அதன் ராம்கர் கிராமம் பெங்களூருக்கு அண்மையிலுள்ள ராமநகரத்துப் பாறைக் குன்றுகளிடையே எழுப்பப்பட்டது. தொடக்கத்தில் வரும் புகையிரதக் கொள்ளையோ அங்கிருந்து வெகுதொலைவில், பம்பாய்க்கு அயலேயுள்ள பன்வேல் பகுதிப் பாதையில் எடுக்கப்பட்டது. அக்காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ ஏழு கிழமைகள் சென்றனவாம். காட்சியின் வேகம் இன்றும் வியப்பூட்டுவதே. ஆனால் அவ்வியந்திரம் கதைக்குள் எதையும் கொண்டுவருவதில்லை. வீரர் இருவரையும் அறிமுகஞ் செய்துவிட்டுப் போய்விடுகிறது. தமிழில் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) முதலியவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவற்றில் முதன்மை குதிரைக்கு.

இலங்கை மண்ணில் இத்தகைய படம் எடுக்கப்பட்டதில்லை. எனினும் பழைய நீராவி இயந்திரமும் இரவல் நிலமும் கைகோத்து உலகையே நம்பவைத்த நிகழ்ச்சி இங்கேதான் நடந்தது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' போர்ப்படம் என்றே வகைப்படுத்தப்படும். ஆயினும் அதன் எலும்புக்கூடு கௌபோய்ப் படத்தினது: காட்டை ஊடறுத்து வரும் பாதை, அதைத் தகர்க்கக் குதிக்கும் சிறு குழு, தொலைவிற் கேட்கும் ஊதல், காத்திருப்பு. லீன் பின்னர் 'லோறன்ஸ் ஒவ் அரேபியா'வில் (1962) ஹெஜாஸ் பாதையின் வண்டியைக் கவிழ்த்ததும் ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியிலேயே. ஓரிரு ஆண்டுகளுள் அதே வரண்ட மேடுகள் லியோனியின் அமெரிக்க மேற்காகிவிட்டன. 'எ பாஸேஜ் ரு இந்தியா'வை (1984) எடுக்க வந்தபோது ஷோலேயின் ராமநகரத்துப் பாறைகளையே அவரும் நாடினார். புகையிரதத்துக்கு நீலகிரி மலைப்பாதையைத் தேர்ந்தார். நிலத்தை இடம்பெயர்ப்பதில் அவருக்கு நிகரானோர் சிலரே.

சயாமிய ஆற்றுக்காக லீன் தேர்ந்தது களனி கங்கை, இடம் கித்துல்கல. அவ்வூருக்கு இருப்புப்பாதை கிடையாது. படத்துக்கென்றே பாலம் கட்டப்பட்டு, அதன் இரு மருங்கிலும் எங்கும் சென்று சேராத சிறு துண்டுப் பாதை போடப்பட்டது. மரம் இழுக்க யானைகள் வந்தன. பாலத்தின் நீளம் 425 அடி என விளம்பரங்கள் கூறின. அதன்மேல் ஓட்டுவதற்குப் பழைய நீராவி இயந்திரமொன்று பெட்டிகளுடன் பெறப்பட்டது. அது ஒருகால் இந்திய மன்னரொருவருக்கு உரியதாயிருந்தது என்ற கதையும் உடன் பரப்பப்பட்டது. போர்டின் படத்து இயந்திரங்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழை இக்கதை நினைவூட்டுவதாகும். பிரித்தானியக் கொமாண்டோப் பயிற்சிக் களமாகப் படத்தில் வருவது பேராதனைத் தாவரவியற் பூங்கா. மருத்துவமனையாக வருவது கல்கிசை ஹோட்டல். பேராதனையிற் பயின்றோர் எவரும் அப்பூங்காக் காட்சியைக் கதையோடு ஒன்றிப் பார்த்தல் அரிது!

1957 மார்ச் மாதத்திற் பாலம் தகர்க்கப்பட்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதனை நேரிற் காண வந்திருந்தார். முதன்முயற்சி தவறிப்போன கதை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. வெவ்வேறு இடங்களில் நிறுத்தப்பட்ட ஒளிப்பதிவாளர் ஒவ்வொருவரும் தாம் பாதுகாப்பாக ஒதுங்கிவிட்டதைச் சமிக்ஞை மூலம் அறிவித்த பின்னரே வெடியைத் தீர்ப்பது என்பது ஏற்பாடு. ஒருவரிடமிருந்து சமிக்ஞை வரவில்லை. மனித உயிரைப் பணயம் வைக்க விரும்பாத லீன் வெடியை நிறுத்தினார். சாரதி குதித்துவிட்ட வண்டியோ நில்லாது பாலத்தைக் கடந்து மறுகரையில் மின்பிறப்பாக்கியொன்றுடன் மோதித் தடம்புரண்டது. அதைத் தூக்கி நிறுத்தி, பின்னிழுத்து, மீண்டும் ஓட்டியே காட்சி எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ஒருவர் உயிருடன் இருக்கிறாரா என்பது தெரியாதபோது இவ்வளவு பொருட்செலவான காட்சியையும் விட்டுவிட முடிந்தது என்பது லீனுக்குப் பெருமை தருவது. மெய்யான பாதையை அமைத்தவர்கள் அங்கு உழைத்தோருக்கு இத்தகைய கணக்கு எதையும் பார்த்ததில்லை.

படத்தின் இறுதிப் பகுதி திரைப்படக் கலையில் ஒலியின் ஆட்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரவிலே பாலத்தின் கால்களில் வெடி கட்டப்படுகிறது. விடியும்போது ஆற்றுநீர் வற்றி, மறைந்திருந்த கம்பி மணலில் வெளிப்படுகிறது. தான் கட்டிய பாலத்தின் மீது உலாவும் கேர்ணல் நிக்கல்சன் அதைக் கண்டுகொள்கிறார். அவ்வேளை தொலைவில் ஊதல். வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு அசைவும் அந்த ஓசையின் அளவால் அளக்கப்படுகிறது. நீராவி இயந்திரத்துக்கு மூச்சு உண்டு. மேட்டில் இரைக்கும், வளைவில் தணியும். டீசல் இயந்திரத்தைக் கொண்டு இக்காட்சியை எடுத்திருப்பின் காலத்தின் நெஞ்சுத்துடிப்பு இவ்வாறு கேட்டிராது. அலெக் கின்னஸின் நடிப்பும் இங்கே உச்சம் பெறுகிறது. எதிரிக்காகத் தான் கட்டியது இன்னதென்ற உணர்வு தாமதமாகவே வர, அவர் தள்ளாடி வெடிப்பெட்டியின் மேலேயே விழுகிறார். பாலமும் வண்டியும் ஆற்றில் சரிகின்றன. பார்வையாளர் மூச்சுவிடுகின்றனர்.

அவ்விடத்திலேயே படத்தைப் பற்றிய ஐயமும் தொடங்குகிறது. பியர் பூல் 1952இல் எழுதிய மூல நாவலிற் பாலம் தகர்க்கப்படுவதில்லை. நாவலின் கசப்பே அதுதான்: மடமையின் சின்னம் நிலைத்து நிற்கிறது. திரையில் அது இடிந்து விழுந்தமைக்குக் கலைக் காரணம் தேடுவோர் உளர். மெய்யான பாலத்தையும் மெய்யான வண்டியையும் விலைகொடுத்து வாங்கிவிட்ட ஒரு படம் அவற்றை உடைக்காமல் விடாது என்பதே எளிய விடையாகத் தோன்றுகிறது. இயந்திரத்தின் மெய்ம்மைக்காகச் செலவிட்ட பணம் கதையின் முடிவையே மாற்றிவிட்டது. இம்மாற்றத்தின் விளைவு சிறியதன்று. பாலம் விழுந்ததும் பாதையும் அதனோடு விழுந்துவிட்டது போன்ற மனநிறைவு பார்வையாளருக்குக் கிட்டுகிறது. வரலாற்றிலோ அப்பாதை விழவில்லை. சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாற் வரை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அது 1942இல் தொடங்கப்பட்டு, 1943 ஒக்ரோபர் 17ஆம் திகதி இரு முனைகளும் இணைக்கப்பட்டு, யப்பானியப் படைக்குப் போர்த்தளபாடங்களைச் சுமந்தது. பாலங்கள் 1945இல் வானிலிருந்து குண்டு வீசியே உடைக்கப்பட்டன. கொமாண்டோக்கள் வந்து தகர்த்த பாலம் என ஒன்றில்லை. யப்பானியருக்குச் சிறந்த பாலத்தைக் கட்டிக்கொடுக்க முனைந்த ஆங்கில அதிகாரி என்ற புனைவும் அங்கு கைதியாயிருந்தோரைப் புண்படுத்தியது. தம் அதிகாரியான பிலிப் ரூசி அத்தகையவர் அல்லர் என அவர்கள் பல்லாண்டுகள் எடுத்துரைத்து வந்தனர்.

கைதிகளுக்காவது எடுத்துரைக்க வாய் இருந்தது. அப்பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; மாண்டோர் 12,000 பேருக்கு மேல். அதே பாதைக்குக் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை இவர்களைப் போல் மும்மடங்கு என்றாலும் குறைவான மதிப்பீடே. பர்மியர், யாவாவினர், மலாயர், சீனர் ஆகியோருடன் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவருள் அடங்குவர். சிலர் கூலியும் உணவும் கிடைக்குமென்ற வாக்குறுதியை நம்பி வந்தோர்; பலர் வலிந்து பிடித்தேற்றப்பட்டோர். போரினால் இறப்பர் வணிகம் நின்று, தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடிய காலம் அது. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களோடு பிடிபட்ட இராணுவ வைத்தியர் இருந்தனர். இறந்தோரின் பெயரைக் குறித்துக்கொள்ள அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தொழிலாளரின் முகாம்களில் பெரும்பாலும் இவ்விருவருமே இல்லை. ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகை 90,000 வரை என மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு என்ற சொல்லே இங்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது: எண்ணியவர் எவருமில்லை. காஞ்சனபுரி இடுகாட்டில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லின் கீழ்த் துயில்கின்றனர். தமிழருக்கு அத்தகைய கல்வரிசை இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களே அவர்களுக்கு எழுந்த நடுகற்கள் எனல் மிகையாகாது.

லீனின் படத்தில் இவர்களுக்கு இடமேயில்லை. பாதையைக் கட்டுவோர் ஆங்கிலக் கைதிகள், கட்டுவிப்போர் யப்பானியர், தகர்க்க வருவோர் ஆங்கிலேயரும் ஓர் அமெரிக்கனும் கனடா இளைஞனும். ஆசியரைப் பொறுத்தவரை, வழிகாட்டும் சயாமியனொருவனும் சுமை தூக்கும் பெண்கள் சிலருமே எஞ்சுகின்றனர். தமிழர் வாழும் தீவொன்றிலே, உள்ளூர் மக்கள் பலரின் உழைப்பைக் கொண்டு பாலம் கட்டியெழுப்பி எடுத்த படத்தில், தமிழர் மாண்ட பாதையின் கதை தமிழரின்றியே சொல்லப்பட்டது. இதனைச் சதியென்று கூறுவது பொருந்தாது. நாவலிலும் அவர்கள் இடம்பெறாதபோது திரையில் இடம்பெறாமை எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் விடுபடல் எவ்வாறு இயல்பானதாகத் தோற்றமளிக்கிறது என்பதே விமரிசனம் கேட்க வேண்டிய கேள்வி. அவ்வியந்திரம் மெய், அம்மரம் மெய், அவ்யானை மெய், ஆறும் காடும் மெய். இவ்வளவும் மெய்யாயிருக்கும்போது கதையில் உள்ள மனிதர் மட்டும் குறைவாயிருப்பர் என எவர் ஐயுறுவர்? பழைய இயந்திரம் இங்கு பொய்ச்சாட்சி சொல்கிறது. அதன் பாரம் கூடக் கூடச் சாட்சியின் வலுவும் கூடுகிறது.

பெயர்கள் மறைக்கப்பட்டமை படத்துக்கு வெளியேயும் நிகழ்ந்தது என்பது ஒரு விசித்திரம். 1958இல் ஏழு ஒஸ்கார் விருதுகளை இப்படம் வென்றபோது திரைக்கதைக்கான விருது பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. அவர் திரைக்கதையை எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் வன்மையும் அவருக்கில்லை. எழுதிய கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும் இடதுசாரிச் சார்புக்காக ஹொலிவூட்டிற் கருப்புப் பட்டியலில் இடப்பட்டிருந்தமையால் அவர்கள் பெயர் மறைக்கப்பட்டது. அவர்கள் இருவரும் மறைந்த பின், 1984இலேதான் விருது அவர்களுக்கு உரித்தாக்கப்பட்டது. எழுத்தாளர் இருவரின் பெயர் திரும்பிவர இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. அவர்களுக்காவது மீட்பதற்கு ஒரு பட்டியலும் பதிவேடும் இருந்தன.

புனைவு வரலாற்றை வென்றமைக்கு இதனினும் தெளிவான சான்று ஆற்றின் பெயரிலேயே உண்டு. காஞ்சனபுரிக்கருகே தா மக்காம் என்னுமிடத்தில் அமைந்த மெய்யான பாலம் மே குளோங் ஆற்றின் மேலது. மரத்தாற் கட்டிய பாலமொன்று அருகே இருந்தபோதிலும் நிலைத்தது உருக்குப் பாலமே. அதன் சட்டகங்கள் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே எனக் கேட்டனர். விடை கூற அங்கு ஒன்றும் இருக்கவில்லை. எனவே 1960இல் ஆற்றின் அப்பகுதி குவாய் யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. கித்துல்கலையில் எடுக்கப்பட்ட பொய் சயாமில் ஓர் ஆற்றின் பெயரை மாற்றிவிட்டது! பாதை திறக்கப்பட்ட நாளில் ஓடிய சீ 5631 என்னும் யப்பானிய நீராவி இயந்திரமோ 1979இல் தாயகம் கொண்டுசெல்லப்பட்டு, தோக்கியோவின் யசுகுனி ஆலயத்துப் போர் அருங்காட்சியகத்தில் மெருகிட்டு வைக்கப்பட்டுள்ளது. பழைய இயந்திரத்தைப் பேணுவது எப்போதும் வரலாற்றைப் பேணுவதாகாது. அதைப் பேணுவோர் யார், அருகே என்ன எழுதி வைத்துள்ளனர் என்பவற்றையும் கேட்டல் வேண்டும்.

இரவல் நிலமே குற்றம் என்று முடிவுகட்டுவோரும் உளர். அம்முடிவு ஏற்கத்தக்கதன்று. வன்னியில் வற்றாப்பளையைச் சூழ்ந்த ஊரவர் எவரும் அதை ஏற்கமாட்டார். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, பல இடங்களிற் தங்கி, பத்தாவதாக நந்திக்கடற் கரையில் அமர்ந்தாள். பத்தாம் பளையே வற்றாப்பளை ஆயிற்று என்பது அங்கு வழங்கும் ஐதிகம். மாடு மேய்த்த சிறுவர் அவள் சொற்படி கடல்நீரூற்றி விளக்கேற்றினராம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்து நீர் கொணர்ந்து விளக்கேற்றப்படுகிறது. சோழநாட்டிற் பிறந்து பாண்டிநாட்டில் முடிந்த கதையொன்றுக்கு ஈழத்துக் களப்புக்கரையொன்று களமாகிவிட்டது. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்திலும் இதுவே நிகழ்கிறது. கோவலன் களரியை ஒருமுறை சுற்றிவந்தால் புகார் மறைந்து மதுரை வந்துவிடும். அரண்மனைக்கு ஓர் இருக்கை போதும். பார்ப்போர் அழுவர், ஆயின் களரி மதுரையென நம்பி அழுவதில்லை. ஆடுபவன் அயல்வீட்டுக்காரன் என்பதும் தெரியும், அவன் கொலையுண்ணும்போது நெஞ்சம் பதறவும் செய்யும். கூத்து தன் பொய்யை மறைப்பதில்லை. ஆதலால் அப்பொய் எவரையும் வஞ்சிப்பதில்லை. லீனின் கலை அதற்கு மறுதலையானது. ஒவ்வொரு ஆணியையும் மெய்யாக்கி, பொய் இருக்குமிடமே தெரியாமற் செய்துவிடுவது அது. குற்றம் நிலத்தை மாற்றியதிலன்று. மாற்றிய நிலத்துக்கு இயந்திரத்தைக் கொண்டு சத்தியம் செய்வித்ததிலேயே உள்ளது.

இக்கேள்வி வன்னிக்குத் தொலைவிலுள்ள ஒன்றன்று. மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) என்னும் படத்தில், தாயைத் தேடிவரும் சிறுமியின் பயணம் மாங்குளத்தை நோக்கியதாக அமைகிறது. மாங்குளம் என்ற பெயர் தமிழ்கூறு நல்லுலகெங்கும் அப்படத்தாற் கேட்டது. இலங்கைக் காட்சிகள் இந்திய மண்ணிலேயே எடுக்கப்பட்டன. போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில் வேறு வழியும் இருக்கவில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற மாங்குளத்துக் காட்டை அறிந்தோருக்கு அத்திரையின் ஈரப் பசுமை அந்நியமாகவே தோன்றும். ஆனால் அப்படத்தின் குறை மரங்களில் இல்லை. ஊரின் பெயர் வந்தது; ஊரவர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வழியே போயினர் வந்தனர் என்பது வரவில்லை. போர் மட்டுமே அவ்வூரின் தொழில் என்பது போன்ற தோற்றமே எஞ்சியது.

மாங்குளம் புகையிரத நிலையமுள்ள ஊர். வடக்கு நோக்கிய பாதை 1905இல் முழுமை பெற்றது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கித்துல்கலையில் பாலத்துக்கு மரம் தறித்த காலமும் ஏறத்தாழ அதுவே. வற்றாப்பளையிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் புகையிரதமேற விரும்பியோர் ஒட்டுசுட்டான் வீதி வழியே மாங்குளத்துக்கே வந்தனர். 1990இல் வவுனியாவுக்கு அப்பால் வண்டிகள் நின்றன. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஒரு தலைமுறைச் சிறுவர் புகையிரதத்தைத் திரையிலன்றி நேரிற் காணாது வளர்ந்தனர். 2009 மே மாதத்தில் வற்றாப்பளைக்கு எதிர்க்கரையில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலில் போர் முடிந்தது. அங்கு மாண்ட பொதுமக்களின் தொகை பற்றியும் மதிப்பீடுகளே உள்ளன. 2013 செப்ரெம்பரில் வண்டி மீண்டும் கிளிநொச்சி வரை வந்தது. மறு ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

அக்காலத்து வன்னியைப் படமாக்க நாளை ஒருவர் வரலாம். அவருக்குப் பழைய இயந்திரம் கிடைப்பது அரிதன்று. உல்லாசப் பயணிகளுக்காக ஓட்டப்பட்ட 'வைஸ்ரோய்' வண்டியின் பொருட்டு நீராவி இயந்திரங்கள் சில கொழும்பிற் பேணப்பட்டுள்ளன. நிலமும் கிடைக்கும். கித்துல்கலையில் நீர் குறைந்த நாட்களில் ஆற்றோரத்தில் தெரியும் கொங்கிறீற் அடித்தளங்களை வழிகாட்டிகள் இன்றும் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். பாலம் இருந்த இடம் இதுவென்பர். சயாமின் பாதையோரத்தில் மாண்ட தோட்டத் தொழிலாளர் எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வீட்டிலிருந்து சென்றவர் என்பதை மலேசியாவில் முதியோர் சிலரின் வாய்மொழியைக் கொண்டே சேகரிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கூறக்கூடியோர் நந்திக்கடற் கரையில் இன்னும் உயிரோடிருக்கின்றனர். பெரும்பாலோர் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வருவர்.